ஓட்டுநருடன் பேசாதீர்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் செல்லும் பழைய சாலை ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமுடையது. தூரத்தை மட்டும் கேட்டவர், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்கிடுவார். அச்சாலையில் ஒரு முறை போனவர் அவ்வாறு கணக்கிட மாட்டார். ஓர் ஊர் முடியுமுன்னே அடுத்த ஊர் தொடங்கிவிடும். வீட்டு வாசற்படியும், கடைத் திண்ணையும், பள்ளிக்கூட மதிலும், கோயில் வளைவும் சாலையைத் தொட்டுக்கொண்டே நிற்கும். நடந்து போகிறவருக்கென்று தனியே ஒதுங்கிய இடம் பல பகுதிகளில் இல்லை. மேட்டிலும் பள்ளத்திலும் வளைந்து வளைந்து செல்லும் அந்த வழியில், எதிரே வருவது யாதென்பது வளைவு திரும்பிய பின்னரே தெரியவரும்.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள், திருவனந்தபுரத்தில் வாழும் எங்கள் மகளைக் காண நாங்கள் இருவரும் இச்சாலை வழியே பயணம் செய்தோம். புதிய வீட்டுக்குக் குடி போயிருந்தாள். எங்கள் தெருவிலேயே வாடகைக் கார் வைத்திருக்கும் இளைஞன் ஒருவன் வண்டி ஓட்டினான். சிறு பிள்ளையாய் எங்கள் முற்றத்தில் விளையாடியவன். ஆதலால் எங்களுக்கு அவன் தம்பிதான்.

வண்டியை எடுக்குமுன் அவன் செய்த காரியம் எங்கள் கவனத்தைக் கவர்ந்தது. கைபேசியில் தன் தாயை அழைத்து, "அம்மா, சவாரி புறப்படுகிறேன். மார்த்தாண்டத்தில் வண்டியை நிறுத்துவேன். அதுவரை போன் எடுக்க மாட்டேன், பயப்படாதீர்கள்" என்றான். பிறகு அதன் ஒலியை அடக்கி, முன்பக்கத்து அறைக்குள் வைத்து மூடினான்.

"வழி பார்க்க வேண்டாமா, தம்பி?" என்று கேட்டோம்.

"இந்தச் சாலைக்கு வழி பார்க்க வேண்டுமா, சார்? கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன்" என்று சொல்லிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். "இல்லை, கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களைத்தான் தினமும் பார்க்கிறோமே!"

அவன் சொன்னதன் பொருள் பார்வதிபுரத்தைத் தாண்டிச் சுங்கான்கடையை நெருங்குமுன் விளங்கிவிட்டது.

வழியில் கண்டவை

பொழுதுபோக்குக்காக நாங்கள் எண்ணத் தொடங்கினோம். தலைக்கவசத்துக்கும் கன்னத்துக்கும் இடையே கைபேசியைச் செருகிக்கொண்டு, எதிர்க்காற்றோடு போட்டியிட்டு உரக்கப் பேசிச் சென்றவர் ஒருவர். ஒரு கையால் வண்டியின் பிடியையும் மறு கையால் கைபேசியையும் பிடித்துக்கொண்டு, பின்னிருக்கையில் குழந்தையை வைத்துச் சென்றவர் ஒருவர். கழுத்தைத் தோள்மேல் சாய்த்து, சுளுக்கு விழுந்தவர்போல் ஒரே பக்கமாய்ப் பார்த்துச் சென்றவர் ஒருவர். பார வண்டியை ஓட்டியவாறே, மடியிலிருந்த திரையைக் குனிந்து குனிந்து பார்த்தவர் ஒருவர். வில்லுக்குறி வருமுன் எண்ணுவதை நிறுத்திவிட்டோம். பொழுதுபோக்காய்த் தொடங்கியது அச்சமாய் மாறியிருந்தது.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் பெரிய வேகம் அன்று. அவ்வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடும். வந்த செய்தி யாருடையது என்று பார்த்து, முதல் வரியைப் படித்து, மீண்டும் கண்ணைச் சாலைக்குத் திருப்ப ஐந்து நொடிகள் ஆகுமென்று வைத்துக்கொண்டால், அதற்குள் வண்டி 70 மீட்டர் ஓடியிருக்கும். ஆறு பேருந்துகளை வரிசையாய் நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். அத்தனை தூரமும் அந்த வண்டியை ஓட்டியவர் யார்? ஒருவருமில்லை.

புலியூர்க்குறிச்சியில் சாலையோரமாய் உதயகிரிக் கோட்டையின் மதில் தென்பட்டது. 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாய் உயர்ந்த டச்சுக்காரர் டிலனாயின் கல்லறை அக்கோட்டைக்குள்ளே இருக்கிறது. சற்று அப்பால் தக்கலை. அதன் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் அவ்வரண்மனையைக் கேரள அரசு பராமரித்து வருகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தபோது நிலம் பிரிந்தது. நினைவுகள் அவ்வளவு எளிதாய்ப் பிரியவில்லை. இந்தச் சாலையும் அத்தகைய நினைவே. முன்பு 47 என்று எண்ணப்பெற்ற தேசிய நெடுஞ்சாலை இப்போது 66 என்று எண்ணப்பெறுகிறது. எண் மாறியதேயன்றி இதன் அகலம் பெரிதாய் மாறவில்லை.

ஒரு வாளிப் பால்

அழகியமண்டபம் கடந்து சாமியார்மடத்தை நெருங்கும்போது, வழக்கம்போல் எங்கள் இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது. தம்பி எதுவும் கேளாமல் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். அவனுக்குத் தெரியும்.

2016ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். எங்கள் இளைய மகன் அப்போது மார்த்தாண்டத்தில் வேலை பார்த்து வந்தான். நாள்தோறும் இச்சாலையில் இருசக்கர வண்டியில் போய் வருவான். அன்று காலை அவன் புறப்பட்டுப் போன பிறகுதான், மாலையில் நடக்கவிருந்த ஒரு வீட்டு விசேஷத்துக்கு ஏத்தன் குலை வாங்கிவரச் சொல்ல மறந்தது எங்கள் நினைவுக்கு வந்தது. அழைத்தோம், அவன் எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தோம்; எடுக்கவில்லை. வண்டியில் போய்க்கொண்டிருப்பான் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மூன்றாம் முறை அழைத்தோம். எங்களில் யார் அழைத்தது என்பதைப் பற்றி இன்றுவரை நாங்கள் வாதிட்டதில்லை. அழைத்தது இருவருந்தான்.

மூன்று முறை அழைப்பு வந்தால் எந்தப் பிள்ளைதான் பதறாது? வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஒரு கையை விட்டுக் கைபேசியை எடுத்தான். "ஏத்தன் குலை..." என்று நாங்கள் தொடங்கிய சொல் முடியவில்லை. இரும்பு உராயும் ஓசையும், யாரோ "ஐயோ" என்ற குரலும் எங்கள் வீட்டுக் கூடத்துக்குள்ளேயே கேட்டன.

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடித்து, மிதிவண்டியில் வாளிகளைக் கட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவரை அவன் இடித்துவிட்டான். மகனுக்கு முழங்காலில் அடி. பெரியவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது இருவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சாலையில் ரப்பர் பால் மட்டும் வெள்ளையாய்ப் பரவி, வெயிலில் உறைந்துகொண்டிருந்தது.

பால்வெட்டுக்கு மணிக்கட்டுத்தான் உயிர். பட்டையை மெல்லிய ஏடுபோல் சீவ வேண்டும். ஆழமாய்ப் போனால் மரம் கெடும், மேலோட்டமாய்ப் போனால் பால் வராது. கண் பாதி, மணிக்கட்டு பாதி. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகியவை பால் நிறையக் கிடைக்கும் மாதங்கள். அம்மாதங்கள் முழுவதும் அவர் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எலும்பு கூடியது, ஆனால் பழைய இலகு திரும்பவில்லை. முந்நூறு மரம் வெட்டியவர் அதில் பாதியை வெட்டவே திணறினார்.

மகன்மேல் வழக்குப் பதிவாயிற்று. கவனக் குறைவாய் வண்டி ஓட்டிக் காயம் விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிமன்றத்தில் அபராதம் கட்டினான். இழப்பீடும் கொடுக்கப்பட்டது. அந்த வழக்குத் தாள்களை நாங்கள் பலமுறை படித்திருக்கிறோம். வண்டியின் எண் இருந்தது, இடம் இருந்தது, நேரம் இருந்தது, மகனின் பெயர் மூன்று இடங்களில் இருந்தது. எங்கள் பெயர், தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடத்தைத் தவிர, வேறெங்கும் இல்லை. மூன்று முறை அழைத்தவர் யாரென்று சட்டம் கேட்கவில்லை.

கேட்டவர் பெரியவர் ஒருவரே. முதன்முறை நாங்கள் அவர் வீட்டுக்குப் போனபோது, நலம் விசாரித்து முடித்து எழுந்திருக்கும் வேளையில், கோபம் ஏதுமின்றிக் கேட்டார்: "பிள்ளை போன் பேசிக்கிட்டு வந்தான்னு சொன்னாவ. யாருகிட்ட பேசினான்?" எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. சொன்னோம். அவர் சற்று நேரம் தம் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வீட்டிலயிருந்துதானா?" என்றார். அவ்வளவுதான். அதன்பின் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை.

இம்முறையும் சாலையிலிருந்து இறங்கும் சிறு பாதையில் வண்டியை நிறுத்தி அவரைக் கண்டோம். தை மாதமாதலால் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நின்றன. தோட்டம் வெளிச்சமாய் இருந்தது. இப்போது அவர் பால்வெட்டுக்குப் போவதில்லை, மகன் போகிறான். கட்டன் காப்பி கொடுத்தார். எங்கள் இளையவனின் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். விடைபெறும்போது கைகூப்பினார், வலது கை இடது கைக்குச் சற்றுத் தாழ்ந்தே நின்றது.

சட்டம் வந்த வழி

மார்த்தாண்டத்தில் தம்பி சொன்னபடி வண்டியை ஓரமாய் நிறுத்தினான். தாயை அழைத்து, "வந்துவிட்டோம், இனித் திருவனந்தபுரத்தில் பேசுகிறேன்" என்றான். நாங்கள் வழக்கம்போல் ஒரு போத்தல் தேன் வாங்கினோம். ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீளமுள்ள இரும்பு மேம்பாலம் கடைத்தெருவுக்கு மேலே நீண்டு கிடந்தது. வண்டி அதன்மேல் ஏறியபோது தம்பியிடம் கேட்டோம்: "இந்தப் பழக்கம் உனக்கு அபராதத்தால் வந்ததா?"

"பாதி அபராதம், பாதி அம்மா" என்று சிரித்தான். ஒரு முறை பிடிபட்டு ஆயிரம் ரூபாய் கட்டினானாம். அடுத்த முறை பத்தாயிரம் என்று காவலர் சொன்னாராம். அந்தச் செய்தியை வீட்டில் சொன்னபோது தாய் அழுதாளாம். "பணத்துக்காக அழுகிறாய் என்று நினைத்தேன், சார். 'அன்றைக்கு அந்த நேரத்தில் உன்னோடு பேசிக்கொண்டிருந்தது நான்தானேடா' என்று அழுதாள்."

இச்சட்டத்தின் வரலாற்றை வாசகர்கள் அறிந்திருத்தல் நலம். நம் மோட்டார் வாகனச் சட்டம் 1988ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. கைபேசி நம் நாட்டுக்கு வந்ததோ 1995 ஜூலை 31ஆம் நாள். கல்கத்தாவிலிருந்து அந்நாளைய முதலமைச்சர் ஜோதி பாசு, டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசியதே முதல் பேச்சு. சட்டம் எழுதியவர்கள் கண்டிராத பொருள் ஒன்று, சில ஆண்டுகளில் ஓட்டுநரின் கைக்கு வந்து சேர்ந்தது. அதைத் தண்டிக்க வேண்டுமானால் பொதுவான பிரிவுகளையே நாட வேண்டியிருந்தது. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் கேரள உயர் நீதிமன்றம், பொதுமக்களுக்கு ஆபத்து விளைந்ததாகக் காட்டாமல், வண்டி ஓட்டிக்கொண்டே கைபேசியில் பேசினார் என்பதற்காக மட்டும் மாநிலக் காவல் சட்டத்தின்கீழ் ஒருவர்மேல் வழக்குத் தொடர இயலாது என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் பேச்சை ஆதரித்ததாகச் சிலர் இதைத் திரித்துக் கூறினர். எழுதியிருக்கும் சட்டத்தைத்தான் நீதிமன்றம் படித்துக் காட்டியது.

மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2019 செப்டம்பர் 1 முதல், ஆபத்து விளையும் வகையில் ஓட்டுதல் பற்றிய 184ஆம் பிரிவில், சிவப்பு விளக்கை மீறுதல், எதிர்த்திசையில் ஓட்டுதல் போன்றவற்றோடு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துதலும் வெளிப்படையாய்ச் சேர்க்கப்பெற்றது. முதன்முறை குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் செய்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி ஒன்று, ஓட்டுநரின் கவனத்தைக் குலைக்காத வகையில் வழி காண்பதற்கு மட்டும் அக்கருவியைப் பயன்படுத்தலாம் என்று வரையறுத்தது.

நீதிமன்றம் வரை போகாமல் கட்டித் தீர்க்கும் தொகையை அந்தந்த மாநில அரசு நிர்ணயிக்கிறது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் வெளியான ஆணைப்படி அது முதன்முறை 1,000 ரூபாய். மறுமுறை 10,000 ரூபாய். எல்லை தாண்டினால் கணக்கு மாறுகிறது.

எல்லைக்கு அப்பால்

குழித்துறை ஆற்றைக் கடந்து, படந்தாலுமூடு வழியே களியக்காவிளை வந்தோம். தமிழ்ப் பலகைகளின் இடத்தில் மலையாளப் பலகைகள் தொடங்கின. பேருந்தின் நிறம் மாறியது. மரங்களும் மனிதரும் மாறவில்லை, வளைவுகளும் மாறவில்லை. எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் சட்டம் ஒன்றே. ஆயினும் இங்கே ஆயிரம் ரூபாய் பெறும் குற்றம், அங்கே முதன்முறையே இரண்டாயிரம் ரூபாய் பெறுவதாயிற்று.

கேரளத்தில் வேறொரு புதுமையும் உண்டு. 2023 ஜூன் 5ஆம் நாள் முதல் மாநிலமெங்கும் 726 தானியங்கிக் கேமராக்களின் வழியே அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். அவற்றுள் 675 கேமராக்கள் தலைக்கவசம் அணியாதவரையும், இருக்கைப் பட்டி மாட்டாதவரையும், கைபேசி பிடித்து ஓட்டுபவரையும் படத்திலிருந்து தாமே இனங்காணும் திறமுடையவை. உலகில் இவ்வகைக் கைபேசிக் கேமராக்களை முதலில் அமர்த்தியது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம். 2019 டிசம்பரில் அங்கே தொடங்கிற்று.

"இதனால் பயன் உண்டா, தம்பி?" என்று கேட்டோம்.

"கேமரா எங்கே இருக்கிறது என்பது தினமும் ஓட்டுகிறவனுக்குத் தெரியும், சார். அந்த இடத்தில் கையைக் கீழே போடுவான். நூறு அடி தாண்டினால் மறுபடி காதுக்குப் போகும்."

அவன் கூற்றில் உண்மை இருந்தாலும், அந்த நூறு அடியும் நூறு அடிதானே என்று எங்களுக்குத் தோன்றியது. அந்த நூறு அடியில் சாலையைக் கடக்கும் குழந்தைக்கு அது போதும். பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று ஊர்கள் கடந்தன. நெய்யாற்றுப் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது பக்கத்தில் ஒரு பழைய அரசுப் பேருந்து நின்றது. அதைக் கண்டதும் எங்கள் நெஞ்சில் ஒரு பழைய வாசகம் எழுந்தது.

பழைய பலகை

திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரி 20ஆம் நாள் தன் போக்குவரத்துப் பணியைத் தொடங்கியது. அந்தக் காலத்தோடு ஒட்டிய பேருந்துகளில் எங்கள் பெற்றோர் பயணம் செய்தார்கள். அவற்றுக்குப் பின்வந்த பேருந்துகளில் நாங்கள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனோம். ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் ஒரு வரி எழுதியிருக்கும்: "ஓட்டுநருடன் பேசாதீர்." அந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தே தமிழ் கற்ற குழந்தைகள் உண்டு.

அந்த வரி யாருக்காக எழுதப்பட்டது என்று அந்நாளில் நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஓட்டுநர் அதைப் பார்க்க முடியாது. அது அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அது பயணிகளாகிய எங்களுக்கு எழுதப்பட்டது. பேசாமல் இருக்க வேண்டிய பொறுப்பைப் பேச வருகிறவர்மேல் சுமத்திய வரி அது. இன்றைய சட்டம் ஓட்டுநரின் கையைப் பிடிக்கிறது. பிடிக்கட்டும், அது தேவையே. ஆனால் அழைப்பின் மறுமுனை சாலையில் இல்லை. அது வீட்டுக் கூடத்தில் இருக்கிறது, அடுக்களையில் இருக்கிறது, அலுவலக மேசையில் இருக்கிறது. அங்கே காவலர் வரமாட்டார், கேமராவும் வராது. அந்தப் பழைய பலகை ஒன்றைத்தான் அங்கே மாட்ட முடியும்.

"கையில் பிடிக்காமல், காதுக்கருவியில் பேசினால் தவறில்லையே?" என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். சட்டம் கையில் பிடிப்பதையே குறிப்பிடுகிறது. ஆராய்ச்சி அதற்கும் அப்பால் போகிறது. 1997ஆம் ஆண்டில் கனடாவின் டொராண்டோ நகரில், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கணக்குகளை ஆய்ந்தார்கள். பேசிக்கொண்டு ஓட்டும்போது விபத்து நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று தெரியவந்தது. 2005ஆம் ஆண்டில் மேற்கு ஆஸ்திரேலியாவில், காயமுற்று மருத்துவமனைக்கு வந்த 456 ஓட்டுநர்களை ஆய்ந்தபோதும் அதே நான்கு மடங்கு கிடைத்தது. இரண்டு ஆய்வுகளிலும், கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கு அதனால் பாதுகாப்பு எதுவும் கூடியதாய்த் தெரியவில்லை. கை விடுதலை பெற்றாலும் கருத்து விடுதலை பெறவில்லை.

பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதும் பேச்சுத்தானே என்றால், அதற்கும் விடை உண்டு. வண்டிக்குள் இருப்பவர் சாலையைப் பார்க்கிறார். எதிரே பார வண்டி வந்தால் அவரும் வாய் மூடுகிறார், சில வேளை, "பார்த்து!" என்று எச்சரிக்கவும் செய்கிறார். தொலைவிலிருந்து பேசுபவர் கண்ணுக்கு அந்த வண்டி தெரியாது. வளைவின் நடுவிலும் அவர் ஏத்தன் குலையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

கரமனையில் நேர்ந்தது

இத்தனையும் எண்ணிக்கொண்டே, கைத்தறிக்குப் பேர்போன பாலராமபுரத்தைக் கடந்து, நேமம் வழியே நகரத்தை நெருங்கினோம். அப்போது எங்கள் கைபேசி ஒலித்தது. மகள்தான். "எங்கே வந்துவிட்டீர்கள்? கரமனை தாண்டியதும் திரும்ப வேண்டிய இடம் குழப்பமாய் இருக்கும். தம்பியிடம் கொடுங்கள், நான் வழி சொல்கிறேன்" என்றாள்.

வாசகர்கள் நம்ப மாட்டார்கள். சாமியார்மடத்துப் பெரியவரின் கையைக் கண்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. சட்டத்தின் வரலாற்றையும் ஆராய்ச்சியின் கணக்கையும் மனத்துக்குள் அடுக்கி முடித்த வேளை அது. அந்த வேளையில், எங்கள் கை தானாகவே நீண்டு, ஓடிக்கொண்டிருந்த வண்டியில் கைபேசியைத் தம்பியின் காதருகே கொண்டுபோய் வைத்தது. அவன் பிடித்தால்தானே குற்றம், நாம் பிடித்தால் என்ன என்று அந்தக் கை நினைத்தது போலும்.

தம்பி தலையைச் சற்று விலக்கிக்கொண்டான். "ஒரு நிமிடம், சார். ஓரமாய் நிறுத்திப் பேசுகிறேன்" என்றான். குரலில் கண்டிப்பு இல்லை. இருபதடி தள்ளி ஒரு பழக்கடையின் முன் இடம் கிடைத்தது. வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, கைபேசியை வாங்கி, மகள் சொன்ன வழியைப் பொறுமையாய்க் கேட்டு, இரண்டு முறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டான். எல்லாமாகச் சேர்ந்து இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்தக் கடையில் ஏத்தன் குலைகள் வரிசையாய்த் தொங்கிக்கொண்டிருந்தன. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு ஒரு வழக்கம்

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் எத்தனை பேர் கைபேசியால் மாண்டனர் என்பதைச் சரியாய்ப் பிரித்துச் சொல்வது எளிதன்று. உடைந்த கைபேசி சாட்சி சொல்வதில்லை. பேசிக்கொண்டிருந்தவரும் பெரும்பாலும் சொல்வதில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்ட ஓசையை, பெரியவர் கேட்டிராவிட்டால், நாங்களும் ஒருவரிடமும் சொல்லியிருக்க மாட்டோம்.

அன்று இரவு மகள் வீட்டில் உண்டு முடித்தபின், பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இதைப் பேசினோம். மகனின் விபத்தை அறிந்திருந்த மகள், எங்கள் மூன்று அழைப்புகளை அன்றுதான் அறிந்தாள். சற்று நேரம் மௌனமாய் இருந்தாள். பிறகு, "கரமனையில் நான் செய்ததும் அதுதானே, அப்பா" என்றாள்.

அங்கேயே சில வழக்கங்களைக் குடும்பத்துக்கென்று ஏற்படுத்திக்கொண்டோம். புதுமை ஒன்றும் இல்லை; வண்டி ஓட்டிய தம்பியும் அவன் தாயும் கடைப்பிடிப்பவையே. புறப்படுகிறவர், புறப்படுமுன் சொல்லிவிட்டுப் புறப்படுவார். எங்கே நிறுத்துவார் என்பதையும் சொல்வார். வீட்டில் இருப்பவர் அதுவரை அழைக்க மாட்டார். அழைத்து, எடுக்கவில்லையானால், வண்டியில் இருக்கிறார் என்று பொருள் கொள்வார். இரண்டாம் முறை அழைக்க மாட்டார். அழைப்பை எடுத்தவர், "வண்டியில் இருக்கிறேன்" என்று சொன்னால், மறுமுனையில் இருப்பவர் காரணம் கேளாமல் உடனே வைத்துவிடுவார். அவர் வண்டியை நிறுத்திக் கூப்பிடும்வரை சோறு ஆறினால் ஆறட்டும். எடுக்காத பிள்ளையின்மேல் கோபம் கொள்வதில்லை என்பதும் அவற்றுள் ஒன்று. பெற்றோருக்கு அதுவே கடினமானது.

மறுநாள் பிற்பகல் அதே சாலையில் ஊர் திரும்பினோம். புறப்படுமுன் எங்கள் இளையவனை அழைத்து, "மாலை ஆறு மணிக்குள் வந்துவிடுவோம், இடையில் கூப்பிடாதே" என்றோம். அவன் சிரித்தான். முழங்காலில் அடிபட்ட நாள் முதல் அவன் வண்டியில் ஏறினால் கைபேசியை அணைத்து விடுகிறவன்.

சாமியார்மடத்தை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பெரியவரின் மகன் மிதிவண்டியில் வந்துகொண்டிருந்தான். பின்னால் வெற்று வாளிகள் ஒன்றோடொன்று மோதி ஒலித்தன. எங்களுக்கு முன்னே சென்ற ஒருவர், தலையைத் தோள்மேல் சாய்த்துப் பேசிக்கொண்டே, அவனை உரசுவதுபோல் கடந்து போனார். அவன் ஒதுங்கி நின்று, வாளிகளைச் சரிசெய்து, மீண்டும் ஏறி மிதித்தான். அவர் காதில் பேசிக்கொண்டிருந்தவர் எந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாரோ, அவருக்கு இது எதுவும் தெரிந்திருக்காது.